கோட்டுக்குக் கீழே

கியோட்டோ, ஜப்பான்
9.6.1968

கண்ணியமுள்ள உம்மாவுக்கும் தங்கச்சி மஸூதாவுக்கும் நுஹ்மான் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் சுகமாக வந்து சேர்ந்தேன். அங்கே எல்லாரும் சுகமா? உம்மாவின் முழங்கால் வலி எப்படி?

ஸெய்னுலாப்தீன் முதலாளி நம்ம மாத்தளைப் பிரஸ்ஸுக்கு வாங்கிய மெஷினைச் செய்த கம்பெனிதான் இந்தப் பயிற்சிக்கூடத்தை நடத்துகிறது. நான் ஒன்பது மாதத்தில் வர்ண அச்சைப் படித்துக்கொண்டு வந்தால், கொழும்புக்குப் போகும் லேபல் வேலையெல்லாம் மாத்தளையிலேயே செய்யலாம் என்று முதலாளி நம்பியிருக்கிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மீன், முட்டை, சோறு. இறைச்சிப் பக்கம் போவதில்லை. சோறு களி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். உம்மா பார்த்தால் சமைத்தவரைக் கூப்பிட்டு ஏசுவீர்கள்.

———

மஸூதா, உம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தக் கோட்டோடு நிறுத்திவிடு. இந்த நீலக் காகிதத்துக்குள் வேறு துண்டு வைக்கக்கூடாதாம். அதனால் உனக்கு மட்டும் எழுதுவதை மடிப்பில் எழுதுகிறேன்.

உக்குவளை ஸ்டேஷனில் ரயில் கார்டு ஆட்டும் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் எனக்கு ஒரே கொடிதான் என்று கண்டுபிடித்தவள் நீ. உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரஸ்ஸில் நான் வரைந்த லேபலுக்கெல்லாம் வர்ணம் சொன்னதும் நீதான். முதலாளி ஜப்பானுக்குப் போகிறாயா என்று கேட்டபோது முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே மை தகர டின்னில் வருகிறது. மேலே ஜப்பான் எழுத்து. இன்று சிவப்பு டின்னை எடுக்கச் சொன்னார்கள். என் அறையில் இருக்கும் பர்மாக்காரர் எதை எடுக்கிறார் என்று பார்த்து எடுத்தேன். எத்தனை நாளைக்கு இப்படி?

உன் நானா,
நுஹ்மான்


உக்குவளை
25.6.1968

அன்புள்ள நானாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். நான் சுகம், உம்மா சுகம், உம்மாவின் தம்பி முத்தலிப் மாமாவும் சுகம். உங்களைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் உம்மாவுக்கு முழங்கால் வலிப்பதில்லை.

கோட்டோடு நிறுத்தினேன். உம்மா சும்மா இருப்பார்களா? "அவ்வளவுதானா? கீழே என்னமோ நெறைய எழுதிருக்கே" என்றார்கள். "எல்லாரையும் சுகம் விசாரிச்சிருக்காங்க உம்மா" என்றேன். "யார் யாரை?" என்றார்கள். தலையில் வந்த பேரையெல்லாம் அள்ளிவிட்டேன், பக்கத்து வீட்டு நல்லம்மா அக்கா வரைக்கும். இப்போது உம்மா வீடு வீடாகப் போய், "எங்க மகன் ஒன்ன விசாரிச்சிருக்கான்" என்று சொல்லி வருகிறார்கள். நீங்கள் வந்ததும் இருபது வீட்டில் தேத்தண்ணி குடிக்க வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கலேவெலயிலிருந்து எனக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்திருக்கிறது. பேர் இத்ரூஸ், பள்ளிக்கூட மாஸ்டர். அவருடைய உம்மா என்னைப் பார்க்க வந்தார். பல்லைப் பார்த்தார், முடியைப் பார்த்தார், ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னார். அவருடைய மூத்த மருமகளின் பிள்ளைக்குப் பிறவியிலேயே ஒரு கண் தெரியாதாம். "கண்ணுல குறை உள்ள குடும்பத்துல எடுத்து நாங்க பட்டது போதும்" என்று உம்மாவிடம் முகத்துக்கு நேரே சொன்னார். உம்மா, "எங்க பரம்பரையில கண்ணாடி போட்ட ஆள் கூட இல்ல" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டேன்.

எனக்கு வயது இருபத்து நாலு. மூன்று பேச்சு முறிந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் கண் விஷயம் இப்போது வெளியே வந்தால் இதுவும் போச்சு. உம்மாவிடமும் சொல்ல வழியில்லை. உம்மா காதில் பகல் லுஹருக்கு விழுந்தது அந்தி மஃரிபுக்குள் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் கேட்கும். கவனமாக இருங்கள்.

மஸூதா


கியோட்டோ
21.7.1968

உம்மாவுக்கும் மஸூதாவுக்கும் ஸலாம். நான் சுகம். மஸூதாவின் பேச்சு நல்லபடி முடிய ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன்.

இங்கே கடை வாசலில் ஒரு துணித் திரை தொங்கும். பாதி வாசல் வரைதான். உள்ளே நிற்கிறவர்களின் கால் தெரியும், முகம் தெரியாது. திரையின் நடுவே அந்தக் குடும்பத்தின் முத்திரை. மொன் என்று பெயர். வட்டத்துக்குள் மூன்று இலை. இன்னொரு கடையில் ஒரு கொக்கு, சிறகை வளைத்து வட்டமாகவே நிற்கிறது. எல்லாம் ஒரே மையில். நம்ம லேபலை நினைத்துப் பாருங்கள். சூரியன், யானை, மலை, ரோசாப்பூ, கடை முதலாளியின் படம், எல்லாம் பெருநாள் பஸ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இவர்கள் பாதி இடத்துக்கு மேல் ஒன்றுமே வரைவதில்லை. அந்தச் சும்மா விட்ட இடம்தான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. வகுப்பு முடிந்ததும் தெருத்தெருவாக நடந்து முத்திரைகளைப் பார்த்து வரைகிறேன். நூற்று நாற்பது ஆகிவிட்டது. பசி கூடத் தெரிவதில்லை, உம்மா.

———

மஸூதா, நவம்பரில் வர்ணப் பகுதி தொடங்குகிறது. அதற்கு முன் எல்லாருக்கும் கண் பார்ப்பார்களாம். ஒரு புத்தகம். பக்கம் முழுக்க வர்ணப் புள்ளி, புள்ளிக்குள் ஓர் இலக்கம் ஒளிந்திருக்கும். இந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே அதைக் காட்டுவார்களாம். ஒரு நாள் அலுவலக மேசையில் கிடந்தது, திறந்து பார்த்தேன். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. ஊரோடு இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் காலம் போயிருக்கும். கடல் தாண்டி வந்து தலையைக் கொடுத்திருக்கிறேன்.

பர்மாக்காரரிடம் விளையாட்டுப் போலக் கேட்டு, எந்தப் பக்கத்தில் எந்த இலக்கம் என்று எழுதி எடுத்துக்கொண்டேன். பாடமாக்குகிறேன். இது சரியில்லை என்று எனக்குத் தெரியும். நீ ஏசாதே.

நுஹ்மான்


உக்குவளை
14.8.1968

அன்புள்ள நானாவுக்கு ஸலாம். எல்லாரும் சுகம். மழை இல்லை, கிணறு இறங்கிவிட்டது.

பேச்சு நல்லபடி முடிந்துவிட்டது. நீங்கள் பெப்ரவரியில் வந்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ். வாப்பா இல்லாத வீட்டில் கைபிடித்துக் கொடுக்க நீங்கள்தானே வேண்டும். கலேவெலயிலிருந்து அவர் வந்து முத்தலிப் மாமாவோடு பேசியபோது நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். ஜப்பான்காரன் திரை பாதியாம். நம்ம வீட்டுத் திரை நிலத்தைக் கூட்டிக்கொண்டு கிடக்கிறது. கால் விரல் கூடத் தெரியவில்லை. குரலை மட்டும் கேட்டேன். அவசரப்படாமல் பேசுகிறார்.

அழைப்பிதழை நீங்கள்தான் வரைய வேண்டும் என்று உம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நீங்கள் முத்திரை முத்திரை என்று எழுதுவதை வாசித்து எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

இலக்கம் பாடமாக்குவதைப் பற்றி என்ன சொல்ல? ஓதப் பள்ளியில் ஒரு சூறா பாடமாக்க ஒரு மாதம் அழுதவர் நீங்கள். பிடிபட்டால் முதலாளிக்குத்தானே எழுதுவார்கள்? முதலாளிக்கு எழுதினால் அது கலேவெலக்குப் போக எவ்வளவு நேரம்? நான் ஏசவில்லை. பயமாக இருக்கிறது.

மஸூதா


கியோட்டோ
18.9.1968

உம்மாவுக்கும் மஸூதாவுக்கும் முத்தலிப் மாமாவுக்கும் ஸலாம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை.

அழைப்பிதழுக்கு வரைந்தது இந்தக் கவரில் இருக்கிறது. பதினேழு தரம் கிழித்துப் போட்டு இதை எடுத்தேன். ஒரு வட்டம். அது கோடு இல்லை, ரெண்டு மிளகுச் சரம் ஒன்றை ஒன்று பார்த்து வளைந்து வட்டமாகின்றன. ஒன்று கலேவெல, ஒன்று உக்குவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை ஒன்றே ஒன்று. மணிகளெல்லாம் கறுப்பு. ஒரு மணியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதுதான் பழுத்த மணி. சிவப்பு மை இல்லாமலே, யார் பார்த்தாலும் அதுதான் பழம் என்று தெரியும். யார் பார்த்தாலும்.

முப்பது வயதுக்குக் கிட்டத்தில் முதல் தடவையாக, யாரிடமும் கேட்காமல் ஒரு படத்தை முடித்திருக்கிறேன்.

பாடம் நன்றாகப் போகிறது என்று மஸூதாவுக்குச் சொல்லவும்.

நுஹ்மான்


உக்குவளை
12.10.1968

அன்புள்ள நானாவுக்கு ஸலாம். சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், கம்பளிச் சட்டை வாங்குங்கள்.

உங்கள் படத்தை முத்தலிப் மாமா கையில் வாங்கினார். வெள்ளைக் காகிதம், நடுவில் கறுப்பு வட்டம். "இன்னாலில்லாஹி" என்றுவிட்டார். உம்மா, "யாரு மவுத்து?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்கள். பிறகு உண்மை தெரிந்ததும் மாமாவுக்குக் கோபம். "கலியாணத்துக்குக் கறுப்பா? இதக் கொண்டு போய்க் கொடுத்தா சனம் ஜனாஸா எத்தன மணிக்குன்னுதான் கேக்கும்" என்றார். பச்சை மையில் அடிக்க வேண்டும், சுற்றிலும் ரோசாப்பூ வேண்டும் என்று நிற்கிறார். ரோசாப்பூ வந்தால் நான் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று உள்ளே இருந்து சத்தம் போட்டேன்.

மாமா அதைக் கலேவெலக்கும் கொண்டு போனார். அங்கே மாஸ்டர் வெகுநேரம் பார்த்தாராம். "இந்த ஒரு மணி மட்டும் ஏன் வெள்ளை?" என்று கேட்டாராம். மாமா, "மை தீர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

நவம்பர் எத்தனையாம் தேதி?

மஸூதா


கியோட்டோ
17.11.1968

உம்மாவுக்கும் மஸூதாவுக்கும் ஸலாம். நான் சுகம். நோன்பு வருகிறது. இங்கே விடியமுன் சஹருக்கு எழுப்ப யாரும் இல்லை, கடிகாரம் வாங்கியிருக்கிறேன். கோபேயில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது, பெருநாள் தொழுகைக்கு ரயிலில் போய்விடுவேன். மலையில் மரமெல்லாம் இலை நிறம் மாறி அழகாக இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். உம்மா நோன்பில் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

———

மஸூதா, எல்லாம் முடிந்துவிட்டது. புத்தகத்தைக் கொண்டு வந்தார்கள். பக்கங்களை வரிசையாகக் காட்டுவார்கள் என்று நினைத்துப் பாடமாக்கியிருந்தேன். கண் பார்க்க வந்த அம்மா நடுவிலிருந்து திறந்தார். பிறகு பின்னால், பிறகு முன்னால். நான் ஏழு பக்கத்துக்குத் தவறாகச் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடித் தலை குனிந்தார். அதற்கு நாலு அடி அடித்திருக்கலாம்.

வர்ணப் பகுதியில் இனி எனக்கு இடமில்லை. ஒன்றில் ஊருக்குப் போகலாம், அல்லது மிச்ச மாதங்களுக்கு முத்திரை வரையும் அறையில் இருக்கலாம் என்கிறார்கள். அந்த அறையில் கறுப்பு மை மட்டும்தான். அங்கே உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் கேட்காமல் வரையக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

ஒன்பது வயதில் நீ என் சாயப் போத்தல்களில் பிளேடால் கீறி வைத்தாய், சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ரெண்டு. பதினைந்து வருஷமாக உம்மாவுக்கும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாய். இப்போது என்னால் உன் வாழ்க்கை கெடப்போகிறதே என்றுதான் தூக்கமில்லை. நிக்காஹ் முடியும் வரை இத்ரூஸ் வீட்டார் காதில் இது விழக்கூடாது. முதலாளிக்கும் நான் எழுதவில்லை. இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.

நுஹ்மான்


உக்குவளை
1.12.1968

நானா,

ஸலாம். உங்கள் காகிதத்தை நான் அடுப்பில் போடவில்லை. அது என் கையில் இல்லை.

வியாழக்கிழமை கலேவெலயிலிருந்து நோன்புச் சாமான் கொண்டு அவரும் அவருடைய உம்மாவும் வந்தார்கள். நான் திரைக்குப் பின்னால். அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தார். உம்மாவுக்கு ஜப்பான் காகிதம் கண்டால் நிலைகொள்ளாதே. "தம்பி, நீங்க படிச்சவங்கதானே, கொஞ்சம் வாசிங்க" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே போக முடியாது, கூப்பிடவும் முடியாது. வேண்டுமென்று ஒரு பாத்திரத்தைத் தள்ளிவிட்டேன். உம்மா, "பூனையாக்கும், நீங்க வாசிங்க" என்றார்கள்.

அவர் வாசித்தார். நோன்பு, கடிகாரம், கோபே, மரம், முழங்கால். பிறகு நின்றது. நான் யாஸீன் ஓதத் தொடங்கி மறந்துபோனேன். அவருடைய உம்மா, "மிச்சம் என்ன?" என்று கேட்டார். அவர், "எல்லாரையும் சுகம் விசாரிச்சிருக்காரு" என்றார்.

நானா, அது நான் சொல்லும் பொய். அதே பொய்.

பிறகு, "ஸ்கூல் புள்ளைகளுக்கு ஜப்பான் தபால் முத்திரையைக் காட்டிட்டுத் தாறேன்" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உம்மா சந்தோஷமாகக் கொடுத்தார்கள். நோன்பு திறக்கும் வரை நான் திரையை விட்டு வெளியே வரவில்லை.

மஸூதா


கியோட்டோ
13.12.1968

மஸூதா,

அஸ்ஸலாமு அலைக்கும். கலேவெலயிலிருந்து ஏதும் வந்ததா? உடனே எழுது. நல்லதோ கெட்டதோ ஒரு வரி எழுது.

நானா


உக்குவளை
3.1.1969

நானாவுக்கு ஸலாம். உம்மா சுகம்.

ஒன்றும் வரவில்லை. பெருநாளைக்குப் பெண்ணுக்குப் புடவை அனுப்புவது வழக்கம், அதுவும் வரவில்லை. உம்மா வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்தார்கள். மாமா அழைப்பிதழ் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பிரஸ்ஸுக்கு ஆள் அனுப்பிவிட்டார். ஏன் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன்?

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இருந்தது, இப்போது இல்லை.

மஸூதா


கலேவெல
14.1.1969

ஜனாப் நுஹ்மான் அவர்களுக்கு இத்ரூஸ் ஸலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நான் வாசித்த காகிதத்தில் நீங்கள் சுகமாக இல்லை.

கோட்டுக்குக் கீழே வாசித்தேன். பிறருக்கு எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்தும் வாசித்தேன். வாயை நிறுத்த முடிந்தது, கண்ணை நிறுத்த முடியவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தது, வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில். முத்திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன், அந்த மட்டில் நான் பொய் சொல்லவில்லை.

பிறகு கோபம் வந்தது. மறைத்துத் தலையில் கட்டப் பார்த்தார்களே என்று. பெருநாள் புடவையை நான்தான் அனுப்பவிடவில்லை. அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன். ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயாவிடம் யாரோ ஒருவருடைய கதை போலக் கேட்டேன். தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், வந்தாலும் உயிருக்கு ஒன்றுமில்லை, ரயில் ஓட்டத்தான் விடமாட்டார்கள் என்றார். கலேவெலக்கு ரயிலே இல்லை.

நான் அதிகம் யோசித்தது அதைப் பற்றி இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை போத்தலில் கீறி வைத்துவிட்டு, பதினைந்து வருஷம் பெற்ற உம்மாவிடம் கூட மூச்சு விடவில்லை. அப்படி ஒருத்தி எனக்கு வேறெங்கும் கிடைக்கமாட்டாள். பயமும் இருக்கிறது. நாளைக்கு என்னிடமும் எதையாவது விட்டுவிட்டு வாசிப்பாளோ என்று.

அதனால் ஒன்று கேட்கிறேன். நிக்காஹுக்கு முன் உங்கள் உம்மாவுக்கும் முதலாளிக்கும் நீங்களே எழுதிவிடுங்கள். அவள் சுமந்தது போதும். என் உம்மாவிடம் நான் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "பொண்ணு ஊசியில நூல் கோர்த்தாதானே. நீ அவனையா கட்டப்போற" என்றார். இன்னும் முழு மனது இல்லை. ஆனால் நேற்று ரெண்டு புடவையை எடுத்து வந்து எது நல்லது என்று கேட்டார்.

அழைப்பிதழை நீங்கள் வரைந்தபடியே அடிக்கச் சொல்லியிருக்கிறேன். முத்தலிப் மாமாவுக்காகப் பச்சை மை. ரோசாப்பூ இல்லை. அந்த மணி ஏன் வெள்ளை என்று இப்போது எனக்குத் தெரியும்.

அன்று மிச்சம் என்ன என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன். திரைக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டது கேட்டது.

துஆச் செய்யுங்கள், மச்சான்.

இத்ரூஸ்


கியோட்டோ
27.1.1969

கண்ணியமுள்ள உம்மாவுக்கு மகன் நுஹ்மான் ஸலாம் சொல்லி எழுதுவது.

மஸூதா, இந்தக் காகிதத்தில் கோடு இல்லை. உம்மாவை உட்கார வை. முத்தலிப் மாமாவைக் கூப்பிடு. நல்லம்மா அக்கா வந்தாலும் வரட்டும். கடைசி எழுத்து வரை சத்தமாக வாசி. ஒன்றையும் விடாதே.

உம்மா, நான் சின்னவனாக இருந்தபோது வேலியில் மிளகு பழுத்திருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லி அனுப்புவீர்கள். நான் கொடியடியில் போய் நின்றுகொண்டு மஸூதா வரும் வரை காத்திருப்பேன். சோம்பேறி என்று எத்தனையோ தரம் ஏசினீர்கள். சோம்பல் இல்லை உம்மா. எனக்குப் பழுத்தது எது, பழுக்காதது எது என்று தெரியாது. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்று. பிறந்ததிலிருந்து அப்படித்தான். இங்கே கண் பார்த்தபோது தெரிந்துபோய், வர்ண அச்சுப் படிப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மஸூதா உங்களிடம் மறைத்தது எனக்காக. அவளை ஏசாதீர்கள்.

முதலாளிக்கும் இதே தபாலில் எழுதுகிறேன். நான் கறுப்பு மையில் வரைந்த இருபது முத்திரையையும் சேர்த்து அனுப்புகிறேன். மிளகுக்கு, கராம்புக்கு, சாதிக்காய்க்கு, தேயிலைக்கு. பார்த்துவிட்டு வேலை தருவாரோ, போ என்பாரோ தெரியாது. நினைத்தால் பயமாக இருக்கிறது. இருந்தாலும் இன்று சோறு சாப்பிட்டேன், நன்றாகச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி இருபதாம் தேதி விமானம். உம்மா, முன்பெல்லாம் என் காகிதத்தில் நான் எல்லாரையும் சுகம் விசாரித்ததாக மஸூதா வாசித்தாளே, அதை நான் எழுதவே இல்லை. இப்போது எழுதுகிறேன். நல்லம்மா அக்கா சுகமா? அந்த இருபது வீட்டிலும் எல்லாரும் சுகமா? நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
நுஹ்மான்